ஸ்டேன் ஸ்ட்ரீட்: ரோமச் சாலையைத் தரையில் அடையாளம் காண்பது எப்படி?

நெடுவழி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். லண்டனிலிருந்து சிசெஸ்டர் வரை சென்ற ஸ்டேன் ஸ்ட்ரீட் என்னும் ரோமச் சாலையின் எச்சங்களை நடந்தே சென்று பார்க்க விரும்புகிறேன். நிலப்படத்தில் அது சில இடங்களில் இன்றைய ஏ29 நெடுஞ்சாலையாகவும், சில இடங்களில் காட்டுப் பாதையாகவும், வேறு சில இடங்களில் வயல் நடுவே வெறும் கோடாகவும் தெரிகிறது. நேராக இருப்பதாலேயே ஒரு பாதையை ரோமர் போட்டது என்று சொல்லிவிட முடியுமா? கல் பாவிய தரை எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மண்மேடு:

நேராக இருப்பது மட்டும் சான்றாகாது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பொது நிலங்களை வேலியிட்டுப் பிரித்தபோது நில அளவையாளர்கள் வகுத்த சாலைகளும் நூல் பிடித்தாற்போலவே ஓடுகின்றன. அத்தகைய சாலைக்கு இருபுறமும் ஓரங்கள் ஒரே அகலத்தில் இருக்கும். வயல் வரப்புகளும் அதையொட்டியே அமைந்திருக்கும். ரோமச் சாலையோ நெடுந்தொலைவுக்குப் பாரிஷ் (தேவாலயப் பங்கு) எல்லையாகவே இருப்பதுண்டு. அந்த எல்லைகளை வகுத்த காலத்தில் அது ஏற்கெனவே அங்கே கிடந்தது.

ஸ்டேன் ஸ்ட்ரீட்டை வகுத்தவர்களின் திறம் அதன் திருப்பங்களில்தான் விளங்குகிறது. லண்டன் பாலத்திலிருந்து யூவெல் வரையிலான முதல் பகுதியை நிலப்படத்தில் அப்படியே நீட்டினால், அது சிசெஸ்டரின் கிழக்கு வாயிலில் போய் முட்டும். ஆனால் அந்தக் கோட்டிலேயே போனால் கடினமான மேட்டு நிலத்தைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதால், மோல் ஆறு நார்த் டவுன்ஸ் குன்றுகளை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கின் வழியே டார்கிங் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் இத்தனை துல்லியமாகத் திசை பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் பிக்னர் குன்று. லண்டினியம் (லண்டன்), நோவியோமகஸ் (சிசெஸ்டர்) என்று ரோமர் காலப் பெயர்களைத் தாங்கிய கைகாட்டி மரம் அங்கே நிற்கிறது. அங்கிருந்து தென்மேற்கே ஏர்த்தம் வனத்தை நோக்கி நடந்தால், புல் மூடிய கரை ஒன்று ஏரிக்கரை போல உயர்ந்து நேரே செல்வதைக் காண்பீர்கள். அதன் குறுக்கே ஒருமுறை நின்று பாருங்கள்: நடுவே மேடு, இருபுறமும் மழைநீர் வழிவதற்கான சரிவு, சற்றுத் தள்ளி ஆழம் தூர்ந்த பள்ளங்கள். சுண்ணக்கல்லையும் சக்கிமுக்கிக் கல்லையும் சரளையையும் அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கி எழுப்பிய மேடு அது.

சரளை:

கல் பாவிய தரையை எதிர்பார்க்க வேண்டாம். ரோம் நகருக்கருகே ஆப்பியா சாலையில் காணும் பெரிய எரிமலைக் கற்பாளங்கள் பிரிட்டனில் வழக்கமில்லை. பென்னைன் மலைத்தொடரில் பிளாக்ஸ்டோன் எட்ஜ் என்ற இடத்திலுள்ள கல் பாவிய பாதை நெடுங்காலம் ரோமருடையது என்றே போற்றப்பட்டது. அது 18ஆம் நூற்றாண்டுச் சுங்கச் சாலை என்ற கருத்தே இன்று வலுத்திருக்கிறது. அருகில் கிடைத்ததைக் கொண்டு சாலை போடுவதே ரோமர் முறை. லண்டனிலிருந்து லூயிஸ் என்ற ஊர்ப் பக்கம் சென்ற சாலையில், இரும்பு உருக்கிய உலைகளின் கசடையே கொட்டியிருக்கிறார்கள். ஹோல்டை என்ற இடத்தில் ரோமச் சாலை ஆய்வாளர் ஐவன் மார்கரி அதைத் தோண்டி வெளிப்படுத்தியபோது, கசடு துருவேறி ஒரே பாளமாக இறுகியிருந்தது, அதன்மேல் வண்டித் தடங்களும் பதிந்திருந்தன.

நெடுவழி:

இருவருக்கும் மிக்க நன்றி. வயல்களில் உழவால் கரை மறைந்துபோன பகுதிகளில் என்ன செய்வது? உலோகம் கண்டறியும் கருவி பயன்படுமா?

மண்மேடு:

உழுத வயலில் கண்ணுக்குத் தெரியாத மேட்டையும் லைடார் காட்டிவிடும். விமானத்திலிருந்து லேசர் கொண்டு தரையின் உயரத்தை அளக்கும் முறை இது; இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை இந்தத் தரவுகளை 2015 முதல் இலவசமாக வழங்குகிறது. வறண்ட கோடையில் வான்படங்களையும் பாருங்கள். கல் இறுகிய இடத்தின்மேல் பயிர் முந்திக் காய்ந்து வெளிறும். தூர்ந்த பள்ளத்தின்மேல் ஈரம் தங்குவதால் பச்சை நீடிக்கும். இணையாக ஓடும் இரு பச்சைக் கோடுகளின் நடுவே வெளிறிய பட்டை தெரிந்தால், நிலப்படத்தில் உள்ள கோட்டோடு ஒப்பிடுங்கள்.

கருவியை எடுத்துச் செல்ல வேண்டாம். ஸ்டேன் ஸ்ட்ரீட்டின் சில பகுதிகள் பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவது குற்றம். மற்ற வயல்களிலும் நில உரிமையாளரின் இசைவு வேண்டும்.