கடினமான வருஷத்துக்குப் பிறகு, பொய்யில்லாமல் நன்றி சொல்வது எப்படி?

மாலைமணி (கேள்வி)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரே வருஷத்தில் மரணம், வியாதி, வேலையிழப்பு என்று அடுத்தடுத்து பார்த்துவிட்ட வீட்டில், வருஷக் கடைசியில் நன்றி சொல்ல உட்கார்ந்தால் வாய் வருவதில்லை. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனம் ஆறுதலாக இல்லாமல் அதட்டலாகவே காதில் விழுகிறது. நடந்த மரணத்துக்கும் சேர்த்தா நன்றி சொல்லச் சொல்கிறது வேதம்? மனதில் இல்லாததை உதட்டால் சொன்னால் அது மாய்மாலம் இல்லையா? ஜெபமே ஓடாதவர் எங்கே தொடங்குவது? "விசுவாசமாயிருங்கள், எல்லாம் நன்மைக்கே" என்பதற்கு மேல், உட்கார்ந்து செய்யக்கூடியதாக யாராவது சொல்லுங்கள்.

கடுகுவிதை

சிஸ்டர், முதலில் அந்த வசனத்தின் வேற்றுமை உருபைப் பாருங்கள். 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்வது "எல்லாவற்றிலேயும்". "எல்லாவற்றிற்காகவும்" என்று அங்கே இல்லை. கிரேக்கத்திலும் அந்த இடத்தில் இருப்பது 'உள்ளே' என்று பொருள்படும் 'என்' என்ற சொல்தான். துக்கத்துக்குள் நின்றுகொண்டு நன்றி சொல்லலாம் என்கிறார் அந்தக் கடிதத்தை எழுதிய பவுல். துக்கத்தையே நன்மை என்று கூப்பிடச் சொல்லவில்லை.

இதற்கு மத்தேயு 26ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. 27ஆம் வசனத்தில் இயேசு பாத்திரத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணுகிறார். அதே இரவு, 39ஆம் வசனத்தில், "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று முகங்குப்புற விழுந்து கெஞ்சுகிறார். பந்தியில் கையிலிருந்த பாத்திரத்துக்கு நன்றி. வரப்போகிற பாடுகளின் பாத்திரத்துக்கு மன்றாட்டு. இரண்டையும் அவர் கலக்கவே இல்லை. நீங்களும் கலக்க வேண்டாம்.

செய்முறை இதுதான். ஒரு நோட்டை விரித்து வையுங்கள். இடது பக்கம் 'போனது', வலது பக்கம் 'கிடைத்தது'. ஒரு நாளைக்கு ஒரு மாதம், 20 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். 12 நாளில் வருஷம் முடியும். டிசம்பரிலிருந்து பின்னோக்கிப் போவது நல்லது. சமீபத்தியது நினைவில் நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டே முந்தியதற்குப் போகலாம். ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். கஷ்டப்பட்ட வருஷத்தில் மனது பெரிய அடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நழுவவிட்டுவிடும். போனில் அந்த மாதப் போட்டோக்கள், வந்த அழைப்புகள், மெசேஜ்கள், மருந்துச் சீட்டுகள் இவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

எப்போதும் இடது பக்கத்தை முதலில் எழுதுங்கள். ஆபகூக் 3:17இல் தீர்க்கதரிசி அப்படித்தான் செய்கிறார்: அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு என்று ஆறு இழப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுகிறார். "மகிழ்ச்சியாயிருப்பேன்" என்பது அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது.

வலது பக்கத்தில் 'குடும்பம், சுகம், பெலன்' என்று எழுதினால் மூன்றாம் நாளே சலித்துவிடும். யார், என்ன செய்தார், எப்போது என்று எழுதுங்கள். 'ஆஸ்பத்திரியில் இரண்டாவது ராத்திரி, கேட்காமலே போர்வை கொண்டுவந்த நர்ஸ்' என்பது ஒரு வரி. அந்த அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒன்றுதான் கிடைத்தால் ஒன்று போதும். இல்லையென்றால் காலியாக விடுங்கள். நிரப்புவதற்காக எழுதினால் அங்கேதான் பொய் நுழையும்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே அம்புக்குறி மட்டும் போடாதீர்கள். 'இது போனதால்தான் அது கிடைத்தது' என்று கணக்கை நேர்செய்யத் தொடங்கியதும் இழப்பு சிறுத்துப்போகும், நன்றியும் பேரம் ஆகிவிடும். பெரும்பாலானவர்களின் நன்றி நோட்டு பாதியில் நிற்பது இங்கேதான் என்பது என் எண்ணம்.

மேய்ச்சல்நிலம்

கடுகுவிதை பிரதர், எபேசியர் 5:20ஐ விட்டுவிட்டீர்களே. அங்கே பவுல் "எல்லாவற்றிற்காகவும்" என்றே எழுதுகிறார். உருபை வைத்துச் சொன்ன வாதம் அங்கே நிற்காது.

கடுகுவிதை

சரியான கேள்வி. அந்த வசனத்தை மறைத்துவிட்டு மற்றதைப் பேச முடியாதுதான். ஆனால் அதே பவுல் ரோமர் 12:9இல் "தீமையை வெறுத்து" என்கிறார், 12:15இல் "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்கிறார். தீமைக்கே நன்றி சொல்ல வேண்டும் என்றால் அதை எப்படி வெறுப்பது? அழுகிறவரோடு அழுவதற்குப் பதில் வாழ்த்து அல்லவா சொல்ல வேண்டியிருக்கும்? எபேசியரில் அந்த வாக்கியம் சபையாக ஒருவருக்கொருவர் சங்கீதங்களால் பாடும் இடத்தில் வருகிறது. அந்தச் சங்கீதங்களிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். லாசருவின் கல்லறையையும் பாருங்கள், யோவான் 11: 35ஆம் வசனத்தில் இயேசுவின் கண்ணீர், 41ஆம் வசனத்தில் அவருடைய ஸ்தோத்திரம். அங்கேயும் அவர் நன்றி சொல்வது பிதா செவிகொடுத்ததற்காக. லாசரு செத்ததற்காக அல்ல.

எம்மாவுவழி

நான் கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து. எங்கள் திருவிவிலியத்தில் அந்த வசனம் "எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்" என்றே இருக்கிறது. கடுகுவிதை சொன்ன பொருள் அதில் வெளிப்படையாகவே தெரியும்.

வருஷத்தைத் திரும்பிப் பார்ப்பதோடு, அன்றாடத்துக்கும் ஒரு முறை வேண்டும். புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த ஆன்ம சோதனை இரவில் 10, 15 நிமிஷத்தில் முடியக்கூடியது. அதில் முதல் படியே நன்றி. பிறகு ஒளி கேட்பது, அந்த நாளை மணிக்கு மணி பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு என்ன என்று தீர்மானிப்பது. துக்கத்தில் இருப்பவர்கள் செய்யும் தவறு, நேராக மன்னிப்புப் படிக்குத் தாவுவது. 'நான் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால்' என்று அந்த 15 நிமிஷமும் குற்ற உணர்ச்சியில் கரைந்துவிடும். ஆகவே கொஞ்ச காலத்துக்கு முதல் மூன்று படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படுக்கையில் படுத்தபடி வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். களைத்த உடம்பு படுத்தால் தூங்கிவிடும்.

'நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்' என்று நினைத்து நன்றி வரவழைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். லூக்கா 18இல் மற்றவர்களைப்போல் தான் இல்லை என்று நன்றி சொன்னவர் பரிசேயர். நீதிமானாக வீடு திரும்பியவர் அவரல்ல.

மேய்ச்சல்நிலம்

மாய்மாலம் பற்றிக் கேட்டீர்கள். 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். மொத்தமே 6 வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற சொல் 4 தடவை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். தினமும் சத்தமாக வாசியுங்கள், மனது எந்த வசனத்தில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டாம் வசனத்திலேயே ஒரு மாதம் நின்றாலும் அது ஜெபம்தான். அதைவிட இருட்டான நாளுக்கு 88ஆம் சங்கீதம். அது நம்பிக்கையில் போய் முடிவதே இல்லை, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது. வார்த்தை கிடைக்கவில்லையென்றால் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள். பாடுகளுக்கு முந்தின அந்த இரவில், கெத்செமனே தோட்டத்தில், இயேசுவும் மூன்றாந்தரம் அந்த வார்த்தைகளையே சொல்லித்தான் ஜெபம்பண்ணினார். விசுவாசமே ஆடிப்போயிருந்தால் மாற்கு 9:24: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

ஆராதனையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், "இம்மட்டும் உதவிசெய்தார்" என்று ஒரே வரியில் உட்கார்ந்துவிடலாம். வெற்றிக் கதையாக முடித்துச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள். காரணம் சொல்ல வாய் திறந்தபோதுதான் கெட்டது. பேசாமல் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒருவரை சபையில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடைமேகம்

ஒன்றைச் சேர்க்கிறேன், இது அவசியம். தூக்கமும் பசியும் போய், எதிலும் ஈடுபாடில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே போக வேண்டும், அதுவரை தனியாக இருக்கக்கூடாது. இது விசுவாசக் குறைவு அல்ல. 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டபோது தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இரண்டு தடவை கொடுத்தார். தேவன் பேசிய மெல்லிய சத்தம் வந்தது அதற்கு 40 நாள் கழித்து.

மாலைமணி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும்: 12 நாள் முடிந்ததும் இடது பக்கத்தை என்ன செய்வது? கிழித்துப் போட்டால் மனது லேசாகும் என்கிறார்களே?

கடுகுவிதை

கிழிக்காதீர்கள் சிஸ்டர். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" என்கிறது சங்கீதம் 56:8. துருத்தி என்றால் தோல் பை. சேர்த்துவைக்கிற பாத்திரம் அது. தேவனே வைத்திருக்கும் கணக்கை நாம் அழிக்க வேண்டியதில்லை. கீழே தேதி போட்டு நோட்டை மூடி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்து, வலது பக்கத்தில் அன்றைக்குக் கண்ணில் படாத ஏதாவது இப்போது தெரிந்தால் வேறு நிற மையில் சேருங்கள். இடது பக்கத்தில் ஒரு வரியையும் அடிக்க வேண்டாம். இதற்கிடையில் வலது பக்கத்தில் பெயர் இருக்கிறவர்களுக்கு, வாரத்துக்கு ஒருவர் என்று, அவர் செய்த அந்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அந்த நர்ஸின் பெயர் தெரியாவிட்டால் வார்டையும் தேதியையும் போட்டு அந்த ஆஸ்பத்திரிக்கே எழுதலாம்.