கோவையில் பெண்கள் பாஸ்கெட்பால் அணிக்கு ஒரு பெண் கோச் தேவை

வணக்கம். கணபதி பக்கம் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆனால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பக்கத்துப் பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லித்தருகிறேன். வியாபாரம் நன்றாகத்தான் போகிறது. ஆனால் இடது கையால் பந்தைத் தட்டவே பயந்த பிள்ளை, இரண்டு பேரைத் தாண்டிப் போய் லே-அப் (ஓடிப்போய்க் கூடைக்குப் பக்கத்தில் துள்ளிப் பந்தைப் போடுவது) போடும்போது வருகிற சந்தோஷம் கல்லாப்பெட்டியில் கிடைத்ததே இல்லை.

வாரம் இரண்டு நாள் வர முன்னாள் வீராங்கனை யாராவது இருக்கிறார்களா? வலி, மாதவிடாய் பற்றியெல்லாம் என்னிடம் சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். கூட ஒரு பெண் இல்லாமல் வெளியூர் மேட்சுக்கு அனுப்பப் பெற்றோரும் யோசிக்கிறார்கள், அது நியாயம்தான். சம்பளம், பஸ் செலவு என் பொறுப்பு.

தரை சிமெண்ட். துள்ளி இறங்கும்போது சிலருக்கு முழங்கால் உள்பக்கம் மடிகிறது. ஏ.சி.எல். (முழங்கால் மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழியும் அபாயம் பெண்களுக்குக் கூடுதல் என்பதால் எனக்கு ரொம்பக் கவலை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் வந்து வார்ம்-அப்பைச் சரிபார்த்தால் பெரிய உதவி.

பெண்கள் ஆடும் 6-ம் நம்பர் பந்து பழையது இருந்தாலும் கொடுங்கள். இங்கே கிடப்பதெல்லாம் ஆண்கள் ஆடும் 7-ம் நம்பர். சுற்றளவு ஒரு அங்குலம் கூட, எடையும் கூட. சின்னக் கைக்கு ஷாட் பழக்கமே கெட்டுவிடும்.

2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை நம் சென்னைக்காரர், இந்திய அணிக்கே கேப்டனாக இருந்தவர் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். “எங்களாலயும் முடியுமா சார்?” என்கிறார்கள். முடியும் என்று சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.