பண்டிகை லீவெல்லாம் இரண்டு ஊருக்கே சரியாகப் போகிறது. நாங்கள் இருவர் மட்டும் எப்போது, எங்கே போவது?

சாரல்காத்து:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தென்காசிப் பக்கம், மனைவிக்கு மயிலாடுதுறை. இருவருக்கும் வேலை சென்னையில், குடியிருப்பது தாம்பரத்தில். கல்யாணமாகி இது இரண்டாவது வருடம். தலை தீபாவளி, தலைப் பொங்கல், ஆடி அழைப்பு எல்லாம் ஒரு சுற்று முடிந்துவிட்டது.

எனக்கு வருடத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவு. மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்ட் மாறி மாறி வரும், நல்ல நாளிலும் டூட்டி விழும். பொங்கலுக்கு எங்கள் வீடு, தீபாவளிக்கு அவர்கள் வீடு, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், நடுவில் மச்சினி வளைகாப்பு, சித்தப்பா வீட்டில் காதுகுத்து. போன வருடம் நாங்கள் இருவர் மட்டும் போன ஒரே இடம் மகாபலிபுரம். அதுவும் மதியம் போய் இரவே திரும்பிவிட்டோம், அவளுக்கு மறுநாள் காலை ஷிப்ட்.

ஊருக்குப் போவது பிடிக்காமல் இல்லை. ஆனால் அங்கே போனால் அவள் அடுப்படியில், நான் திண்ணையில். இப்படி இரண்டு ஊர் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பெரிய செலவுக்கு வழியில்லை. ஒரு வாரம் ஊட்டி, கொடைக்கானல் என்று சொல்லாதீர்கள். இரண்டு வீட்டிலும் யாருடைய மனமும் கோணக்கூடாது.

அம்பை மருமகள்:

தம்பி, உங்கள் கதைதான் எங்கள் கதை. ஊர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி. எனக்குக் கும்பகோணம், அவருக்கு அம்பாசமுத்திரம். அவர் வங்கியில் இருந்தார், நான் ஆசிரியை. இப்போது இருவரும் ஓய்வு, பல்லாவரத்தில் இருக்கிறோம்.

நாங்கள் ஊருக்குப் போவதை நிறுத்தவில்லை. நேராகத் திரும்பி வருவதைத்தான் நிறுத்தினோம். போகும்போது எங்கேயும் இறங்காதீர்கள். கையில் ஸ்வீட் டப்பா, புதுத்துணி, சீர்ச் சாமான் இருக்கும். அங்கே வாசலில் ஒருவர் நின்று "ரயில் விழுப்புரம் தாண்டியாச்சா" என்று போன் மேல் போன் போடுவார். திரும்பும்போது யாரும் மணி பார்க்க மாட்டார்கள். வண்டி ஏற்றிவிட்டால் அவர்கள் கடமை முடிந்தது. வழியில் ஒரே ஒரு ராத்திரி தங்கினால் போதும். தனியாக லீவு வேண்டாம், தனியாக டிக்கெட் செலவும் பெரிதாக ஏறாது. மாமியார் கட்டிக்கொடுத்த முறுக்கு டின் லாட்ஜ் ரூமில் மாலை டிபனாகிவிடும்.

உங்களுக்கு மயிலாடுதுறையிலிருந்து திரும்பும் வழியில் சிதம்பரம். தை, மாசி என்றால் அங்கே இறங்கிப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போங்கள், 15 கிலோமீட்டர் இருக்கும். காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். மோட்டார் படகில் ஏறாதீர்கள். அது அகலமான கால்வாயிலேயே ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு வந்துவிடும். துடுப்புப் படகு என்று கேட்டு வாங்குங்கள். அதுதான் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே உள்ளே நுழையும். கிளை முகத்தில் உரச, குனிந்து குனிந்துதான் போக வேண்டும். படகோட்டி ஓர் இடத்தில் துடுப்பை நிறுத்தி வேர் மேல் ஏறி நிற்கும் நண்டைக் காட்டினார். வங்கிக் கணக்கு தவிர வேறொன்றையும் உற்றுப் பார்க்காத மனிதர், அந்த நண்டை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்!

தீபாவளி சமயத்தில் பிச்சாவரம் சரிப்படாது. அது அடைமழைக் காலம், மழை வலுத்தால் படகே விட மாட்டார்கள். ஆனால் ஐப்பசியில் மாமனார் வீட்டில் இருந்துகொண்டே பார்க்க ஒன்று இருக்கிறது. மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஐப்பசி முழுக்கத் துலா நீராடல், கடைசி நாள் கடைமுழுக்கு, கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. மனைவியைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் காவிரிக்கு நடங்கள். வீட்டில் யாரும் எதுவும் சொல்ல முடியாது, புண்ணியக் கணக்கு. மழை விட்டிருந்தால் மதியம் பஸ் ஏறித் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே சின்ன அருங்காட்சியகம், அரை மணியில் பார்த்துவிடலாம். மீதி நேரத்துக்குக் கடற்கரை இருக்கிறது, மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது.

இப்போது உங்கள் பக்கம். உங்களுக்குக் குற்றாலம் புழக்கடை. உங்கள் மனைவிக்கு அப்படியா? சாரல் சமயத்தில் அவர்களை உறவுக் கூட்டத்தோடு வேனில் ஏற்றி அருவியைக் காட்டினீர்களா, அல்லது நீங்கள் இருவரும் போனீர்களா? ஆனி, ஆடியில் வார நாள் பார்த்து, விடியற்காலையில் ஒருமுறை கூட்டிப் போங்கள். தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்க விட மாட்டார்கள், போகட்டும். கடைத்தெருவில் மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கிக்கொண்டு செங்கோட்டைக்கு வந்து, புனலூர்ப் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். 1904இல் போட்ட மலைப்பாதை, அகலப்பாதையாகி 2018இல் திரும்பவும் முழுதாக ஓட ஆரம்பித்தது. குகைகள், பதிமூன்று கண் பாலம், அந்தப் பக்கம் இறங்கினால் மலையாளம். புனலூரில் சாயா குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்புங்கள். நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் தடத்தில் வண்டி அதிகம் இல்லை.

இன்னொன்று. குடும்பத்தோடு போகும் இடத்திலும் இருவருக்கு என்று கொஞ்ச நேரம் கிடைக்கும். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு அவர் வீட்டாரோடு போவோம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். முண்டந்துறைக் காட்டுக்குள், ஆற்றங்கரை முழுக்கக் குடில், கல்லடுப்பு, பாத்திரச் சத்தம், யார் வீட்டுப் பிள்ளை எது என்றே தெரியாது. அங்கே பட்டவராயர் சந்நிதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தச் சாமி ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார், அடுத்த வருடம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், மண் ஒட்டியிருக்கும் என்பது நம்பிக்கை. கூட்டமெல்லாம் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும்போது நாங்கள் இருவரும் அங்கே நழுவிவிடுவோம். என் கணவர் ஒவ்வொரு செருப்பாகத் திருப்பி அடியைப் பார்ப்பார். "இது குதிகாலில் தேய்ஞ்சிருக்கு பாரு, சாமி அழுத்தி நடக்கிறார்" என்பார். கல்யாணமான புதிதில் அவர் இவ்வளவு பேசுவார் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. இப்போது வனத்துறை தங்குவதற்குக் கெடுபிடி அதிகம் செய்கிறது. போவதற்கு முன் அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

மற்ற மாதங்களுக்குச் சென்னையே போதும். மனைவிக்கு வார நாளில் ஓய்வு வரும் இல்லையா, அதுதான் உங்களுக்குப் பலம். மார்கழியில் மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. பாட்டு பிடிக்காவிட்டால் கேன்டீன் இருக்கிறது. தை மாதம் வேடந்தாங்கல். மாலை 4 மணிவாக்கில் போனால் நாரையும் கூழைக்கடாவும் கூட்டுக்குத் திரும்புகிற நேரம், வானமே நிறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பறவையைவிட மனிதச் சத்தம் அதிகம்.

வைகைக்கரை:

அம்பை அக்கா எல்லாம் சொன்னீர்கள், மதுரையை ரயில் ஜன்னல் வழியாகவே தாண்டிப் போய்விட்டீர்களே!

தம்பி, தென்காசியிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது மதுரையைத் தாண்டித்தானே போக வேண்டும்? சித்திரையில் ஒரு வருடம் இறங்குங்கள். எல்லோரும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத்தான் வருவார்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நெரிசலில் மனைவி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், அழகர் வேறு பக்கம். அதற்கு முந்தின நாள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு வாருங்கள். மீனாட்சி தேரும் அதே நாளில் வருகிற வருடமென்றால் காலையில் மாசி வீதியில் அதைப் பார்த்துவிட்டு, மாலையில் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று அழகர் வரும் வழியில் ஓர் ஓரமாக நின்றுகொள்ளலாம். செம்பில் சர்க்கரை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி நீட்டுவார்கள். தோப்பரை என்ற தோல் பையைத் தூக்கியவர்கள் தண்ணீர் பீய்ச்சுவார்கள். நனைந்துதான் வீடு திரும்ப முடியும், நல்ல சட்டை வேண்டாம்.

திருக்கல்யாணத்தன்று வந்தால் இன்னும் விசேஷம். மீனாட்சிக்குத் தாலி ஏறும் நேரத்தில் பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடக்கும். மொய்யும் எழுதலாம், நிஜக் கல்யாணம் மாதிரியே.

ரூம் மட்டும் அந்த வாரம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டால் மயக்கம் வரும். தெரிந்தவர் வீடு இருந்தால் வாருங்கள். இல்லையென்றால் காலையில் வந்து இறங்கி, இரவு வண்டியில் கிளம்புவது மாதிரி டிக்கெட் போடுங்கள்.

கஞ்சமகாபிரபு:

எனக்கு இந்த யோசனைகளில் பாதிக்கு உடன்பாடு இல்லை. வழியில் இறங்குவது, நழுவுவது எல்லாம் சரிதான், ஆனால் அதுவும் சொந்தக்காரர்கள் பயணத்தின் ஒட்டு. நாங்கள் வருடத்துக்கு ஒரு பண்டிகை எந்த ஊருக்கும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். முதல் வருடம் இரண்டு பக்கமும் முகம் தூக்கினார்கள், அப்புறம் பழகிவிட்டது.

தீபாவளி அன்று சென்னையில் இருந்து பாருங்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லி, அரைக் கிலோ கறி. மதியத்துக்கு மேல் வண்டியை எடுத்தால் ஜி.எஸ்.டி. சாலையே நமக்காகப் போட்ட மாதிரி இருக்கும். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் மூட்டையோடு நிற்கும் கொடுமை இல்லை. காணும் பொங்கலன்று மட்டும் மெரினா பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

கேட்டவரே வேண்டாம் என்றாலும் ஒரு தகவல்: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. யாராவது கிளம்பினால் கவனம்.

அம்பை மருமகள்:

பிரபு, ஒரு பண்டிகையை விட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால் இரண்டாம் வருடத்திலேயே தீபாவளியை விடச் சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணின் அம்மா மாவு அரைத்துக்கொண்டு காத்திருப்பார். வேறு ஏதாவது விடுங்கள். காதுகுத்துக்கு இருவரில் ஒருவர் போனால் போதும்.

நைட் டூட்டி:

நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான், அதனால் ஷிப்ட் பக்கம் மட்டும் சொல்கிறேன். பண்டிகை டூட்டியை மாற்றிக்கொள்ள ஆள் பிடிப்பதுதான் எல்லாம். எங்கள் வார்டில் நான் கிறிஸ்துமஸ் அன்றும் முந்தின நாள் இரவும் டூட்டியை வாங்கிக்கொள்வேன். கூட வேலை செய்யும் சிஸ்டர் எனக்காகத் தீபாவளியை எடுத்துக்கொள்வார். இதைக் கடைசி வாரத்தில் பேசினால் நடக்காது. ரோஸ்டர் போடுபவரிடம் இருவரும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள் ஆனதை எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அது வசதி. நாலு மாதம் கழித்து எனக்கு என்ன ஷிப்ட் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு மாதம் என்றால் ஓரளவு கேட்டு வைக்கலாம். 60ஆம் நாள் காலை 8 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் நாங்கள் வார்டில் டூட்டி ஒப்படைத்துக்கொண்டு இருப்போம், அதனால் டிக்கெட் எடுப்பது கணவர் பொறுப்பு. சாரல்காத்து, அது உங்கள் வேலை.

நைட் முடித்து அன்றைக்கே ரயில் ஏறுவது மாதிரி மட்டும் திட்டம் போடாதீர்கள். "ரயிலில் தூங்கிக்கலாம்" என்று கணவர்கள் சொல்வார்கள். தூங்க முடியாது, மறுநாள் ஊரில் போய் யாருடனும் சிரிக்கவும் முடியாது.

சாரல்காத்து:

எல்லோருக்கும் நன்றி. இரவு சாப்பிடும்போது மனைவிக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "நைட் டூட்டி" எழுதியதன் கடைசிப் பத்தியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

அம்பை அக்கா, குற்றாலம் பற்றிக் கேட்டீர்களே, வேனில்தான் போனோம், 14 பேர். நான் எதுவும் சொல்வதற்குள் "அது குளியலா, உங்க அத்தைகளுக்கு நான் துண்டு பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றாள். ஆகவே இந்த ஆனியில் செங்கோட்டை ரயில் உறுதி. மயிலாடுதுறைக்கும் செங்கோட்டைக்கும் நேராக ஒரு பகல் ரயில் ஓடுவதால் அவள் அம்மா வீட்டிலிருந்தே அங்கே போய்விடலாம் என்பதும் அவள் கண்டுபிடித்ததுதான். எனக்கு அந்த வண்டி தெரியும், இப்படிச் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

தையில் பிச்சாவரம். துடுப்புப் படகு என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்கிறாள். உயிர்காப்பு ஜாக்கெட் கொடுப்பார்கள்தானே?

அம்பை மருமகள்:

கொடுப்பார்கள். எனக்கும் நீச்சல் தெரியாது, ஏறும்போதே மாட்டிவிட்டார்கள். உள்ளே பல இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான் என்று படகோட்டி சொன்னார். தொப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.