ராக்கி மலையில் பிக்ஹார்ன் ஆடு பார்க்க வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க அமெரிக்காவுல, கொலராடோ மாநிலத்து டென்வர்ல இருக்கோம். ஜூன் கடைசியில மதுரையில இருந்து அப்பா, அம்மா வர்றாங்க. இரவிகுளத்துல வரையாடு பார்த்ததை அப்பா இன்னைக்கும் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவார். அவருக்கு இங்கத்து மலைகள்ல இருக்குற காட்டுச் செம்மறியான பிக்ஹார்ன் ஆட்டைக் காட்டணும், சுருண்ட கொம்போட ஒரு பெரிய கிடாவா இருந்தா ரொம்ப சந்தோஷம்.

ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுல ஷீப் லேக்ஸ்னு ஒரு இடம் இருக்கு. அங்க உப்புச்சத்துள்ள மண்ணைத் தின்ன கோடையில ஆடுங்க மலையிலிருந்து இறங்கி வரும். ரோட்டைத் தாண்டித்தான் வரணும். ரேஞ்சர்கள் வண்டிகளை நிறுத்தி வழிவிடுவாங்க. போன வருஷம் நான் போனப்ப ஒருத்தர் போட்டோவுக்காக கிட்டப் போனார். குட்டியோட இருந்த பெட்டை மிரண்டு மேலேயே திரும்பிடுச்சு. மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. குறைஞ்சது 75 அடி தள்ளி நிக்கணும்னு விதி, நாங்க அதைவிடத் தள்ளியே நிப்போம்.

காலையில எத்தனை மணிக்கு அங்க இருந்தா நல்லது? அப்பாவுக்கு முழங்கால் வலி, வண்டி நிறுத்துற இடத்துல இருந்தே தெரியுமா? அந்தத் தூரத்துக்கு பைனாகுலர் போதுமா, இல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஸ்டாண்டுல வெச்சு ஒரு கண்ணால பார்க்குற தொலைநோக்கி) வேணுமா? இரவல் தர யாராவது இருந்தா பெரிய உதவி. ஐ-70 நெடுஞ்சாலை பக்கத்துல இருக்குற ஜார்ஜ்டவுன் ஊர்லயும் பார்க்கலாம்னாங்க. ஜூன்ல அங்க ஆடு கண்ணுல படுமா? நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க.