அப்பாவின் கண் சிவப்பு திரும்பத் திரும்ப வருகிறது, மதுரையில் யாரிடம் காட்டலாம்?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 56, விசைப்படகில் போகிறவர். 12 வருடமாகச் சொரியாசிஸ், 6 வருடமாகச் சர்க்கரை, கொழுப்பும் உண்டு. கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 9.1.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் மூன்றாம் வாரம் கடலுக்குப் போய் வந்த மறுநாள் வலது கண் சிவந்தது. பீளை இல்லை. உள்ளுக்குள் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம். பகலிலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

உப்புக்காற்று என்று முதலில் விட்டுவிட்டோம். அப்புறம் மெட்ராஸ் ஐ என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினோம், பலனில்லை. (தாய்ப்பால் விடச் சொன்ன அத்தையைத் தடுத்தது தனிக்கதை.) ராமநாதபுரத்தில் ஒரு கண் டாக்டர் ஸ்டீராய்டு சொட்டு கொடுத்தார். பத்து நாளில் தெளிந்தது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. இது மூன்றாவது தடவை.

சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கண்ணுக்குள் யுவியைட்டிஸ் என்ற அழற்சி வரலாம் என்று தோல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்டீராய்டு மாத்திரை என்றால் சர்க்கரை ஏறும், சொட்டையே நீட்டினால் கண் அழுத்தம் கூடலாம். விழித்திரையை இதுவரை ஒருமுறைகூடச் சோதித்ததில்லை.

மதுரையில் தோல், சர்க்கரை டாக்டர்களோடு கலந்து பேசி யுவியைட்டிஸ் பார்க்கும் இடத்தில் காட்டியவர்கள் இருந்தால், எங்கே போனீர்கள்?