சுகர் 180தான், ஆனாலும் கீட்டோஅசிடோசிஸ்: ரத்த கீட்டோன் ஸ்ட்ரிப் எங்கே கிடைக்கும்?

கடலூர், புதுச்சேரி டாக்டர்கள், லேப் நண்பர்களிடம் ஓர் உதவி.

டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் (சுகரை யூரினில் வெளியேற்றும் மாத்திரைகள்) சாப்பிடுகிறவர் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்போடு வந்தால், குளுக்கோமீட்டர் 180 காட்டினாலும் விடக்கூடாது; கீட்டோஅசிடோசிஸாக (ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் ஆபத்தான அளவு சேர்வது) இருக்கலாம். விரதமோ ஆபரேஷனோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். யூரின் ஸ்ட்ரிப் அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனைத்தான் பிடிக்கும். இதில் அதிகம் சேருகிற கீட்டோனான பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் அதில் தெரியாது. 'ஒரு பிளஸ்தானே' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது இதனால்தான். வாந்தி அதிகமென்றால் ரத்த பிஎச் (அமிலத்தன்மை அளவு) கூட நார்மலாக வரலாம், அனயான் கேப் (ரத்த உப்புகளின் அளவை வைத்துப் போடும் கணக்கு) போட்டால்தான் மாட்டும். உறுதியானால் இன்சுலினோடு டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ் டிரிப்) ஆரம்பத்திலிருந்தே ஓடணும். அதற்கு முன் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இல்லையே என்று பார்க்கணும்.

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ரத்த கீட்டோன் ஸ்ட்ரிப் ஸ்டாக் வைக்கிற மெடிக்கல் எது? (எக்ஸ்பைரி பார்த்துச் சொல்லுங்கள், மெதுவாகத்தான் விற்கும்.) புதுச்சேரியில் ராத்திரியிலும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் பார்க்கிற லேப் உண்டா? ரிசல்ட் வர எவ்வளவு நேரமாகும்?