மகளிடம் தத்தெடுத்த விவரத்தை எப்போது சொல்வது?

செல்வி, மதுரை:
எங்கள் மகளுக்கு இப்போது 9 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது தத்துவள மையம் வழியாகச் சட்டப்படி தத்தெடுத்தோம். பிறப்புச் சான்றிதழில் எங்கள் பெயரே இருப்பதால், நாமாகச் சொன்னாலொழிய அவளுக்குத் தெரிய வழியில்லை என்கிறார் மாமியார். 18 வயது ஆகட்டும் என்கிறார் கணவர். சென்ற மாதம் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது, தன் மூக்கு அப்பத்தாவின் மூக்கைப் போன்றது என்று அவள் எழுதியிருந்ததைப் படித்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கண்ணன்:
அம்மா, நானும் தத்துப்பிள்ளைதான். சொத்துத் தகராறு ஒன்றில் சித்தப்பா ஆத்திரத்தில் கொட்டிவிட்டதால்தான் எனக்கு விவரம் தெரிந்தது; அப்போது எனக்குத் திருமணமே ஆகியிருந்தது. வேறு ஒருவருக்குப் பிறந்தேன் என்பது சில மாதங்களில் பழகிவிட்டது. எதிர் வீட்டுக்காரர்வரை எல்லோருக்கும் தெரிந்த என் கதை எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது என்பதுதான் இன்றும் ஆறவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்று மருத்துவரிடம் நான் அக்கறையாகச் சொல்லிவந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அம்மா. 18 வயதுவரை தள்ளிப்போடாதீர்கள்.

மீனாட்சி:
சொல்லிவிடுவதோடு எல்லாம் சரியாகிவிடாது. எங்கள் உறவில் ஒரு சிறுவனுக்குச் சொன்னார்கள். அவன் வகுப்பில் சொன்னான். அதன்பின் எந்தச் சண்டையிலும் பிள்ளைகளுக்கு அதுவே ஆயுதமாயிற்று.

இளங்கோ, குழந்தைகள் மனநல ஆலோசகர்:
இருவர் சொல்வதும் உண்மையே. மீனாட்சி அவர்கள் குறிப்பிடும் கேலிக்குத் தீர்வு, யாரிடம் சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை அவளுக்கு உண்டு என்று அன்றே சேர்த்துச் சொல்வதுதான். சொல்லாமல் விடுவது அல்ல. உண்மையில் 9 வயது சற்றுத் தாமதமே, ஆனாலும் பதின்பருவத்துக்கு முன் சொல்வது நல்லது.

கதையில் உங்களுக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சொல்லுங்கள். 'உன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்' என்பதும், 'உன்மேல் இருந்த பாசத்தால்தான் கொடுத்தார்கள்' என்பதும் நாமாக இட்டுக்கட்டுவதே. 'உனக்கு நாங்கள் வாழ்வு கொடுத்தோம்' என்ற பேச்சு அதைவிடக் கெடுதல். காலமெல்லாம் நன்றிக்கடன் தீர்க்க வேண்டியவளாக அவளை அது ஆக்கிவிடும்.

சட்டமும் இதில் கவனமாகவே இருக்கிறது. குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் தம் முடிவை மறுபரிசீலனை செய்ய 60 நாள் உண்டு. 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, 18 வயது நிரம்பியவர் தாமாகவும், அதற்குக் குறைந்தவர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்தும் தம் பூர்விகம் குறித்து விண்ணப்பிக்கலாம்; ஆனால் அந்த உரிமை, பெற்றவர்களின் அந்தரங்கத்தை மீறுவதாக இருக்கக் கூடாது. உங்கள் கணவர் சொல்லும் 18 வயது, தாமாக விண்ணப்பிப்பதற்கு உரியது; உண்மையைச் சொல்வதற்கு உரியது அன்று.

செல்வி, மதுரை:
நன்றி ஐயா. மாமியார் உடன் இருக்கும்போது சொல்லலாமா?

இளங்கோ:
முதல் பேச்சு உங்கள் மூவருக்குள் இருக்கட்டும். தேர்வோ விருந்தினரோ இல்லாத விடுமுறையின் தொடக்கத்தில் சொன்னால், அடுத்த சில நாள்கள் அவள் கேட்கும்போதெல்லாம் நீங்கள் வீட்டில் இருக்க முடியும். மாமியாரிடம் முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள். மூக்கைப் பற்றி அவள் முதலில் கேட்கப்போவது அவரிடமாகவும் இருக்கலாம்.